மூன்றாவது கட்டத்துக்கான போட்டோ

'பாத்துக்கலாம்ப்பா' என்றால் என்ன அர்த்தம்? ஒட்டுவேன் என்றா, ஒட்டமாட்டேன் என்றா? பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில், பெற்றோருக்கென்று ஒதுக்கிய பின்வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைச்சாமி இதைத்தான் மென்றுகொண்டிருந்தார். மேடையில் யாரோ குத்துவிளக்கின் ஐந்தாவது திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், நானூறு பேர் என்று மைக்கில் சொன்னார்கள், முந்நூற்று எழுபத்தாறுதான், உட்கார்ந்த மறுநிமிஷமே அவர் எண்ணிவிட்டார், மீதி இருபத்து நாலு எங்கே போனது என்று ஒரு கேள்வியும் அப்போதே எழுந்து அடங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில், அதில் கடைசி ஒன்பது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக, ஏதோ ஒரு வளைவில் கைகாட்டி வண்டியை நிறுத்தி ஏறுவதே வேலையாக இருந்தவருக்குத் தலைகளைக் கண்டால் எண்ணத்தான் தோன்றும். ஆறாவது வரிசையில், இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது தலை அவருடையது, அதாவது அவர் மகள் கோபிகாவுடையது. அந்தத் தலை குனிந்திருந்தது. மடியில் பச்சை அட்டை இருக்கும். விடுதிப் பார்வையாளர் அட்டை. அதில் போட்டோ ஒட்ட மூன்று கட்டம். எந்த மூன்று பேருடைய போட்டோ அதில் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் மூன்று வருஷத்துக்குப் பிள்ளையை விடுதியில் வந்து பார்க்கலாம், வெளியே கூட்டிப்போகலாம், மற்றபடி கலெக்டரே வந்தாலும் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார் என்று காலையில் வரவேற்பில் இருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். முதல் கட்டத்தில் பஞ்சவர்ணம், அவர் மனைவி. இரண்டாவதில் மதுரையில் இருக்கிற கொழுந்தியாள் தமிழரசி. மூன்றாவதற்கென்று அவர் போன வாரமே வேடசந்தூர் ஸ்டூடியோவில் காக்கியைக் கழற்றி வெள்ளைச் சட்டை மாட்டி எடுத்துக்கொண்ட போட்டோவைக் கொடுத்திருந்தார். கோபிகா வாங்கினாள். ஒரு நொடி பார்த்தாள். ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடினாள். 'பாத்துக்கலாம்ப்பா.' அவ்வளவுதான். டிக்கெட் எடுக்காதவன் 'பின்னாடி வாங்குறாங்க சார்' என்பானே, அந்தக் குரல். இல்லை, அந்தக் குரல் இல்லை, சாதாரணக் குரல்தான், நமக்குத்தான் காது அப்படிப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதற்காகக் காது பொய் சொல்லுமா?

விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். ஹபீபா என்று ஒரு பேராசிரியை, இயற்பியல், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல வந்தார். குள்ளமான அம்மா. மைக்கைத் தாழ்த்தத் தெரியாமல் தானே எக்கிக்கொண்டு பேசினார். "அறிவுரை சொல்லச் சொல்லி என்னை ஏத்தி விட்டுட்டாங்க. எனக்கு என் முதல் வருஷத்துல யாரும் சொல்லல, சொல்லியிருந்தா கேட்டிருக்கவும் மாட்டேன்." பிள்ளைகள் சிரித்தார்கள். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. ஆரம்பத்திலேயே சிரிக்கவைக்கிறவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கரூர் லைனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு கண்டக்டர் இருந்தான், அவன் வண்டியில் ஏறினால் பரிசோதிக்கவே மனசு வராது, அதனால்தான் அவன் வண்டியில் இவர் இரண்டு தடவை ஏறுவார். "முதல் ரெண்டு வாரம் ஒரே இடத்துல உக்காராதீங்க. இடம் மாத்தி மாத்தி உக்காருங்க. முதல் நாள் பக்கத்துல யார் உக்காந்தாங்களோ அவங்கதான் மூணு வருஷத்துக்கும் சிநேகம்னு ஆயிடக்கூடாது." இது என்ன யோசனை? இடம் மாறி மாறி உட்கார்ந்தால் யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஒரு பிள்ளை இல்லையென்றால் யாரைக் கேட்பது? "பாடம் புரியலைன்னா கையைத் தூக்குங்க. உங்களுக்குப் புரியலைன்னா இன்னும் நாப்பது பேருக்குப் புரிஞ்சிருக்காது, அவங்க நீங்க தூக்குவீங்கன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க." சரி, இது பரவாயில்லை. "முதல் சனி ஞாயிறு ஊருக்கு ஓடாதீங்க. அழுகை வரும். அழுதுட்டு இங்கயே இருங்க." ஓகோ. ஆறாவது வரிசையில் அந்தத் தலை நிமிர்ந்தது. நோட்டில் எதையோ எழுதியது. இத்தனை அறிவுரையில் எதை எழுதிக்கொண்டாள்? ஊருக்கு வராதே என்றதைத்தானே?

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் முழங்கையைத் தொட்டார். தேனிப் பக்கம், வாழைக்காய் மண்டி, இது மூன்றாவது பெண், மூத்த இருவரும் இதே பல்கலைக்கழகத்தில்தான் படித்தார்கள், இத்தனையும் கேட்காமலேயே உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்ட மனுஷர். "நல்லா சொல்றாங்கல்ல? நம்ம காலத்துல இப்படிச் சொல்ல ஆளு ஏதுங்க." வெள்ளைச்சாமி தலையை ஆட்டிவைத்தார். கேட்காமல் விவரம் சொல்கிற பயணி ஏதோ மறைக்கிறான் என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை. எங்கே ஏறினாய் என்று கேட்டால் ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், ஏன் ஏறினேன், யார் வீட்டுக்குப் போகிறேன், மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீட்டினால் டிக்கெட்டை வாங்கிப் பார்க்க வேண்டியதுதான். இந்த மனுஷர் எதை மறைக்கிறார்? ஒன்றையும் மறைக்கவில்லைங்க, அவர் சந்தோஷமாக இருக்கிறார், உலகத்தில் அப்படியும் ஆட்கள் உண்டு, என்று பஞ்சவர்ணத்தின் குரல் உள்ளே சொன்னது. அங்கன்வாடியில் லீவு கிடைக்காமல் போனதால் அவள் வரவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது கோபிகாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க போயிப் பிள்ளைய உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள். உற்றுப் பார்க்காமல் பின்னே எதற்குக் கண்? "அட்டையெல்லாம் ஒட்டிக் குடுத்தாச்சா?" என்றார் தேனிக்காரர். "ஒட்டிக்கிட்டு இருக்கா." "மூணாவது பெரிய சிக்கல்ங்க எங்க வீட்டுல. பாட்டி என் போட்டோ இல்லையானு ஒரே அழுக. கடைசில நாந்தான் விட்டுக்குடுத்தேன், என் போட்டோவ எடுத்துட்டு எங்கம்மா போட்டோவ ஒட்டியாச்சு. நான் எங்கங்க வரப்போறேன், மண்டியப் போட்டுட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் போட்டோவைத் தானே எடுத்துவிட்டுச் சிரிக்கிற தகப்பன்.

ஒட்டாவிட்டால் அந்தக் கட்டத்தில் வேறு யார்? கேள்வி அங்கேதான் போய் நின்றது, காலையிலிருந்து நூறு தடவை நின்ற இடம். பையனுடைய போட்டோவை ஒட்டமுடியாது, உறவுமுறை எழுத வேண்டும், கையெழுத்து வேண்டும், அவ்வளவு துணிச்சல் அவளுக்கு இல்லை. எந்தப் பையன்? எந்தப் பையனும் இல்லை. அதுதான் கொடுமை. இல்லாத பையனை அவர்தான் ஏற்றிவிட்டார், போன வருஷம், கரூர் போகிற வண்டியில். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோபிகாவுக்கு ட்யூஷன் திண்டுக்கல்லில். வேடசந்தூருக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் கைகாட்டி வண்டியில் ஏறினால், திண்டுக்கல்லில் இருக்க வேண்டிய பெண் கரூர்ப் பக்கம் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் வயசில் ஒருத்தன், இயர்போனைக் காதில் சொருகிக்கொண்டு. அவளும் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு தகப்பனாக இருந்திருந்தால் 'என்ன பாப்பா, இந்தப் பக்கம்?' என்று கேட்டிருக்கலாம். அந்த நிமிஷத்தில் அவர் தகப்பனாக இல்லை. கையை நீட்டினார். 'டிக்கெட்.' அவள் கொடுத்தாள். பையனிடமும் வாங்கினார். வேடசந்தூர் கரூர், வேடசந்தூர் கரூர். நம்பரைப் பார்த்தார். அடுத்தடுத்த நம்பர். சேர்ந்து எடுத்தால்தானே அடுத்தடுத்து வரும், இதை ஆயிரம் தடவை பிடித்திருக்கிறார், தெரியாத ஆள் என்று சாதிப்பவனை நம்பரை வைத்தே மடக்கியிருக்கிறார். 'ரெண்டு பேரும் சேந்துதான் எடுத்தீங்களா?' என்று கேட்டார், பின் சீட்டு வரை கேட்கிற செக்கிங் குரலில். வண்டி மொத்தமும் திரும்பியது. ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள், பஞ்சவர்ணத்தோடு வேலைபார்க்கிற ஆயாவும் இருந்தார். கோபிகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. 'இல்ல சார்' என்றாள். சார். பெற்ற மகள், பஸ்ஸுக்குள், அவரை, சார். பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு 'இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்' என்றான். அதுவும் உண்மைதான். கண்டக்டர் வந்து காதோரம் சொன்னான், முன்சீட்டிலிருந்து வரிசையாக் கிழிச்சுக்கிட்டு வந்தேண்ணே, பக்கத்து சீட்டுன்னா நம்பரு அடுத்ததாத்தானே வரும். தெரியாதா அவருக்கு? முதல் நாள் ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தது. எல்லாப் பயணியிடமும் அவருக்கு அது நினைவிருந்தது, மகளிடம் மட்டும் மறந்துபோயிற்று.

கரூரில் சிநேகிதி வீட்டில் வளைகாப்பு. பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். 'உங்ககிட்டச் சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல' என்று பஞ்சவர்ணம் அன்று ராத்திரி எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு சொன்னாள். பதினோரு நாள் கோபிகா அவரிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் 'அப்பா, மோட்டார் போடவா?' என்றாள், அத்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆகிவிட்டதா? அதற்கப்புறம் எங்கே போனாலும் அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள், எத்தனை மணிக்கு, எந்த வண்டி, யாரோடு, எப்போது திரும்புவேன். கேட்காமலேயே சொன்னாள். அது அவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். கேட்காமல் விவரம் சொல்கிற... சீ. என்ன ஜென்மம் இது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. எப்படிக் கேட்பது, எந்த இடத்தில், சாப்பிடும்போதா, டிவி பார்க்கும்போதா, என்று தள்ளிப்போட்டதில் ப்ளஸ் டூ முடிந்து, ரிசல்ட் வந்து, கவுன்சலிங் முடிந்து, இப்போது ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏசி குளிர் வலது முழங்காலுக்குள் இறங்கியது. முழங்கால். கிளை மேலாளரிடம் எழுதிக்கொடுத்த காரணம் அதுதான், 'முழங்கால் வலி காரணமாகக் கரூர்த் தடத்திலிருந்து மதுரைத் தடத்துக்கு மாற்றித் தருமாறு'. மதுரைத் தடத்தில் ஏறி இறங்கினால் மட்டும் முழங்கால் வலிக்காதா என்று மேலாளர் கேட்கவில்லை, அவரும் பெண்ணைப் பெற்றவர், புரிந்துகொண்டிருப்பார். திங்கட்கிழமையிலிருந்து மதுரை லைன். மதுரை வண்டி எல்லாம் இந்தப் பல்கலைக்கழக வாசலில் நின்றுதான் போகும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டு தடவை வாசலைப் பார்க்கலாம். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததில் தப்பென்ன? வேலை இது. பஸ் ஸ்டாப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. வாசலில் இறங்கி ஒரு டீ குடிக்கலாம், யார் யாரோடு வெளியே வருகிறார்கள் என்று கண் தானாகப் பார்க்கும், கண்ணைக் கழற்றியா வைக்க முடியும்? ஊர் கெட்டுக்கிடக்கிறது. தினமும் வண்டியில் பார்க்கிறவருக்குத் தெரியும், கூட்டத்தில் எந்தக் கை எங்கே போகிறது என்று. எத்தனை பேரைச் சட்டையைப் பிடித்து இறக்கியிருக்கிறார். அவருக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியவில்லை, டிக்கெட்டைக் கேட்கத்தான் தெரிகிறது. மண்டிக்காரருக்குப் பயம் கிடையாது, அவர் வாழைக்காயோடு இருக்கிறவர்.

"இப்ப ஒண்ணு சொல்றேன், பின்னாடி இருக்கறவங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றார் பேராசிரியை. அரங்கு கொஞ்சம் அமைதியானது. வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். "அம்மா அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. உங்களுக்குப் பதினெட்டு வயசு. சிலது உங்களோடவே இருக்கலாம். ஆனா பொய் சொல்லாதீங்க. சொல்லாம இருக்கறது வேற, பொய் வேற. சொல்ல இஷ்டமில்லைன்னா, இத இப்ப சொல்ல இஷ்டமில்லன்னு சொல்லுங்க, சொல்லிப் பழகுங்க." பிள்ளைகள் கைதட்டினார்கள். விசில் கூட ஒன்று. அடிமடியிலேயே கை வைக்கிறாளே இந்த அம்மா என்று வெள்ளைச்சாமி மண்டிக்காரரைப் பார்த்தார், அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். "பெத்தவங்களுக்கும் அதேதான். நீங்களும் எல்லாத்தையும் கேக்காதீங்க. பிள்ளை போன் எடுக்கலைன்னா க்ளாஸ்ல இருக்கும். திடீர்னு வந்து நிக்காதீங்க. எத்தனை பேரோட அப்பா மரத்துக்குப் பின்னாடி நின்னு நான் பாத்திருக்கேன்." இப்போது சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு. மரத்துக்குப் பின்னாடி. அதற்கு அவர் எவ்வளவோ தேவலாம், பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறார், உடுப்போடு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய. இந்த அம்மாவுக்கு யார் சொன்னது? கோபிகா முன்கூட்டியே போய்ப் பேசியிருப்பாளோ? பைத்தியமா உனக்கு? முந்நூற்று எழுபத்தாறு பிள்ளைகளில் இவளுக்காகவா ஒரு பேராசிரியை பேசுவாள்? ஆனால் ஆறாவது வரிசையில் அந்தத் தலை திரும்பியது. பின்வரிசையை நாற்காலி நாற்காலியாகத் தேடியது. அவரைக் கண்டுபிடித்தது. சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. பார்த்தது, அவ்வளவுதான். அவர் சட்டென்று கூரை மின்விசிறியைப் பார்த்தார். எதற்குத் திரும்பினாள்? நான் கேட்டேனா என்று பார்க்கவா? இருக்கிறேனா என்று பார்க்கவா? தொலைந்துபோன பிள்ளைதான் அப்படித் தேடும். தேடினாளா, வேவு பார்த்தாளா? இரண்டுக்கும் பார்வை ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்பது அவருக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது, உறைத்ததும் பிடிக்கவில்லை.

தேசிய கீதம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. விடுதிப் பிள்ளைகள் அட்டையில் பெற்றோர் கையெழுத்து வாங்கி முதல் கவுன்ட்டரில் கொடுக்கவேண்டும் என்று அறிவித்தார்கள். மல்லிகைப்பூவும் புதுச் சட்டைக் கஞ்சியும் வியர்வையும் கலந்த நெரிசலில் மண்டிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கோபிகா அரங்கின் பக்கத்துக் கதவருகே நின்று கையசைத்தாள். வெள்ளைச்சாமி போனார். பச்சை அட்டையை அவள் நெஞ்சோடு வைத்திருந்தாள், பின்பக்கம் தெரிகிற மாதிரி. பார்த்தீர்களா, மறைக்கிறாள். அவர் கையை நீட்டினார். நீட்டிய கை செக்கிங் கையாக இருந்ததை அவரே பார்த்தார், ஆனாலும் மடக்கத் தெரியவில்லை. அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். பஞ்சவர்ணம். தமிழரசி. மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. கட்டத்துக்குக் கீழே, உறவுமுறை என்ற இடத்தில், 'தந்தை' என்று எழுதியிருந்தாள். போட்டோ மட்டும் இல்லை.

"கோந்து தீந்துபோச்சா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இல்லப்பா. போட்டோ இங்கதான் இருக்கு." உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். வெள்ளைச் சட்டையில் அவர், முழித்துக்கொண்டு. "ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு ஒட்டலாம்னு இருந்தேன். ரெண்டு நாளாக் கேக்கணும்னு இருக்கேன், வாய் வரல."

"கேளு பாப்பா."

"வர்றதுன்னா சொல்லிட்டு வருவீங்களா? எப்ப வேணாலும் வாங்க, வாரா வாரம் கூட வாங்க. சொல்லிட்டு வாங்க. சொல்லாம வரமாட்டேன்னு சொல்லுங்கப்பா, ஒட்டிடறேன்."

இவ்வளவுதானா? சொல்லிவிட வேண்டியதுதானே. 'வரமாட்டேன்.' ஒரு வார்த்தை. பொய்யும் இல்லை, விடுதிக்குள் வரப்போவதில்லை, வாசலோடு சரி, அதுவும் டியூட்டி. அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் எதுவாக இருந்தாலும் நம்பிவிடத் தயாராக இருந்தாள், பாவி மகள். அந்தப் பார்வையை அவர் எந்தப் பஸ்ஸிலும் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் அவரை அப்படி நம்பிப் பார்த்ததில்லை, அவர்தான் பார்க்கவிடவில்லை. இவளிடம் பொய் சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது, தோன்றிய வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

"திங்கக்கிழமையிலருந்து எனக்கு மதுரை லைனு பாப்பா. இந்த வாசல்லதான் வண்டி நிக்கும்."

பக்கத்தில் யாரோ ஒரு அம்மா பிள்ளையின் பையில் முறுக்கு டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக் குடுத்ததாப்பா, கேட்டு வாங்குனதா?"

"கேட்டு வாங்குனது."

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. போட்டோவைத் திரும்ப ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு பஸ்ல..." என்று ஆரம்பித்தார் வெள்ளைச்சாமி. "நான் பண்ணுனது தப்பு பாப்பா. நம்பரப் பாத்து... தப்பு."

"தெரியும்ப்பா. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். வெறும் கட்டத்துக்குக் கீழே, தந்தை என்று அவள் எழுதியதற்கு நேராக, முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினார். 'வெ' கொஞ்சம் கோணிக்கொண்டது. அவள் அட்டையை வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் நாலடி தள்ளி நின்றார், தள்ளி நிற்கவேண்டுமா, கூடவே நிற்கலாமா என்று தெரியாமல். கவுன்ட்டர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார்.

"அப்பா போட்டோ இல்லையேம்மா? அப்பா இருக்காருல்ல?"

"இருக்காங்க மேடம், இதோ நிக்கிறாங்க" என்றாள் கோபிகா. "போட்டோவ அடுத்த மாசம் ஒட்டிக்கலாமா?"

"ஒட்டிக்கலாம். அதுவரைக்கும் உள்ள விடமாட்டாங்க, பரவால்லையா?"

"பரவால்ல மேடம்."

அடுத்த மாசம். ஒன்றாம் தேதியும் அடுத்த மாசம்தான், முப்பதாம் தேதியும் அடுத்த மாசம்தான். எந்தத் தேதி என்று கேட்க வெள்ளைச்சாமிக்கு வாய் வரை வந்தது. அவர் கேட்கவில்லை.